கூடினால் ஒளிரும் மூலக்கூறுகளும் எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரும்

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு புராஜெக்டில் ஒரு மாலை. ஆய்வகத்தின் விளக்கை அணைத்துவிட்டு பதினோரு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் ஒரே மஞ்சள் பொருள், ஒரே அளவு. கரைப்பான் மட்டும்தான் வேறு: முதல் குப்பியில் முழுக்க டிஹெச்எஃப் என்ற கரிமக் கரைப்பான், அடுத்ததில் பத்து விழுக்காடு தண்ணீர், அதற்கடுத்ததில் இருபது, இப்படியே கடைசிக் குப்பியில் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டினால் முதல் ஆறு ஏழு குப்பிகள் இருட்டாகவே இருந்தன. அதற்கப்புறம் ஒன்று லேசாக விழித்தது, அடுத்தது பச்சையாகப் பற்றிக்கொண்டது, கடைசி இரண்டும் எலுமிச்சைப் பச்சையில் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தன. சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இரண்டும்தான் கலங்கலாக இருந்தவை. பொருள் கரையாமல் நுண்துகள்களாகத் திரண்டு மிதந்துகொண்டிருந்தது. பள்ளியிலிருந்து நாம் "சரியாகக் கரையவில்லை, கெட்டுப்போச்சு" என்று கீழே ஊற்றும் மாதிரியான கலங்கல். அதுதான் ஒளிர்ந்தது.

அந்தப் பொருளின் பெயர் சாலிசிலால்டிஹைடு அசீன். செய்வது மிக எளிது. சாலிசிலால்டிஹைடு இரண்டு பங்கு, ஹைட்ரசீன் ஒரு பங்கு, கொஞ்சம் எத்தனால், அவ்வளவுதான், கலக்கிய சிறிது நேரத்தில் மஞ்சள் படிகங்கள் இறங்கத் தொடங்கிவிடும். (ஹைட்ரசீன் நச்சு. புகைபோக்கி அறை, கையுறை இல்லாமல் அதன் பக்கம் போகவே கூடாது. புற ஊதா விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கவும் கூடாது. இதைப் படித்துவிட்டு யாராவது மாணவர் செய்து பார்ப்பார் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) 2009-ல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்த எளிய பொருளின் திரள் ஒளிர்வைப் பற்றி எழுதியது. அதன் பிறகு இதைச் சுற்றி எத்தனையோ உணரிகள், அதாவது ஒரு குறிப்பிட்ட பொருள் இருந்தால் ஒளியால் காட்டிக்கொடுப்பவை, வந்துவிட்டன.

கரைசலில் ஒளிர்வது, திரண்டால் மங்குவது, இதுதான் நாங்கள் படித்த பாடம். 1954-ல் ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் பைரீனை வைத்து அதைக் காட்டினார்கள். நீர்த்த கரைசலில் பைரீன் அழகாக ஒளிரும், செறிவைக் கூட்டக் கூட்ட அந்த ஒளிர்வு குறையும். பைரீன் தட்டையான மூலக்கூறு. அப்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்வதுபோல முகத்தோடு முகம் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும், வாங்கிய ஆற்றலை ஒளியாக விடாமல் வேறு வழிகளில் கரைத்துவிடும். ஒளிரும் சாயங்களை வைத்து வேலை செய்த எல்லோருக்கும் இது பெரிய தொல்லை. ஏனென்றால் உணரியாகப் பயன்படுத்த வேண்டிய இடமெல்லாம் தண்ணீர், கரிமச் சாயங்களோ பெரும்பாலும் தண்ணீரைக் கண்டால் திரள்பவை. திரளாமல் தடுக்கத்தான் பல பத்தாண்டுகளாக வேதியியலாளர்கள் பக்கவாட்டில் பெரிய பெரிய குழுக்களைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1930-களிலேயே ஜெல்லியும் ஷைபேவும் சூடோஐசோசயனின் என்ற சாயம் திரண்ட பிறகு கூர்மையாக ஒளிர்வதைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது தனி வகை என்று ஒதுங்கிவிட்டது.

2001-ல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென் சோங் டாங் என்பவரின் ஆய்வகத்தில் நடந்ததுதான் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தது. சிலிக்கான் அணு உள்ள ஐந்துமுனை வளையம் ஒன்று, அதைச் சுற்றி ஐந்து ஃபீனைல் வளையங்கள் (ஆறு கார்பன் கொண்டவை), சிலோல் குடும்பத்தைச் சேர்ந்த மூலக்கூறு. டிஎல்சி தகட்டில் (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் மெல்லிய பூச்சுத் தகடு) அதை ஒரு புள்ளியாக வைத்துப் புற ஊதா விளக்கில் பார்த்தபோது ஈரமாக இருக்கும்வரை புள்ளி தெரியவே இல்லை. கரைப்பான் காய்ந்ததும் பளிச்சென்று தெரிந்தது. டிஎல்சி போட்டுப் பழகிய யாருக்கும் தெரியும், ஒரு நாளில் முப்பது தகடு பார்க்கிற வேலையில் இப்படி ஒன்றைக் கவனிப்பதும், கவனித்ததை "ஏதோ கோளாறு" என்று விடாமல் பின்தொடர்வதும் லேசான காரியம் இல்லை. எத்தனாலில் அந்தப் பொருளின் ஒளிர்திறன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தண்ணீரை 90 விழுக்காடு சேர்த்ததும் அது 300 மடங்குக்கு மேல் கூடியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் "திரளால் தூண்டப்படும் ஒளிர்வு" என்று சொல்லலாம். ஆய்வகத்தில் நாங்கள் ஏஐஇ என்போம், இங்கே திரள் ஒளிர்வு என்றே எழுதுகிறேன். 2020-ல் உலக வேதியியல் அமைப்பான ஐயூபேக் வெளியிட்ட வேதியியலின் பத்து வளரும் தொழில்நுட்பங்கள் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

காரணம் என்ன? எனக்கு இதைப் புரிய வைத்தது ஆய்வகத்தில் மூத்த ஆய்வு மாணவியாக இருந்த அக்கா. டெட்ராஃபீனைல்எத்திலீன் என்ற மூலக்கூறின் பந்து-குச்சி மாதிரியைக் கையில் கொடுத்து, "ஊதிப் பாரு" என்றார். நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு, அதில் நான்கு ஃபீனைல் வளையங்கள், பனையோலைக் காத்தாடியின் நான்கு இதழ் மாதிரி லேசாகத் திரும்பி நிற்கின்றன. கரைசலில் தனியாக இருக்கும்போது ஒளியை வாங்கிய உடனே இந்த இதழ்கள் சுற்றும், ஆடும், அந்த ஆட்டத்திலேயே ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். ஒளியாக விடுவதற்கு நானோவினாடிகள் வேண்டும், ஆட்டமோ அதைவிடப் பல மடங்கு வேகம், ஆகவே ஒளிக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. திருவிழாவில் வாங்கின காத்தாடியோடு தேர் இழுக்கிற கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் அது எப்படிச் சுற்றும்? அதே கதைதான். மூலக்கூறுகள் திரளும்போது ஒன்றின் இதழ் இன்னொன்றில் இடித்துச் சுழற்சி நிற்கிறது, ஆற்றல் வெளியேற ஒளியைத் தவிர வேறு வழி இல்லை. இதழ்கள் முறுக்கியே இருப்பதால் அப்பளம்போல முகத்தோடு முகம் ஒட்டவும் முடிவதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் இந்த விளைவு.

இது வெறும் கதை இல்லை என்பதற்குச் சோதனைகள் உண்டு. கரைசலைத் திரட்டாமலே குளிரவைத்தால் ஒளிர்வு கூடுகிறது. கிளிசரால்போலக் கெட்டியான திரவத்தில் போட்டாலும் கூடுகிறது. சிலோலின் ஃபீனைல் வளையங்களில் பருமனான ஐசோபுரோப்பைல் குழுக்களைச் சரியான இடத்தில் கட்டி, சுற்றவிடாமல் செய்தால் கரைசலிலேயே ஒளிர்கிறது. ஆனால் வளையங்கள் சுற்றுவது மட்டும்தான் காரணம் என்று முடித்துவிடக் கூடாது. டெட்ராஃபீனைல்எத்திலீனில் நடுவில் உள்ள இரட்டைப் பிணைப்பே ஒளியில் முறுக்கிக்கொள்வது, பக்கத்து வளையங்கள் இரண்டும் சேர்ந்து புது வளையமாக மூடிக்கொள்வது என்று வேறு வழிகளிலும் ஆற்றல் கசிகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அதனால் இப்போது பொதுவாக "மூலக்கூறின் உள் அசைவைக் கட்டுப்படுத்துதல்" என்று விரித்துச் சொல்கிறார்கள்.

என் அசீனில் இன்னொரு வசதியும் இருந்தது. ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) குழுவின் ஹைட்ரஜன் ஒளியை வாங்கியதும் பக்கத்து நைட்ரஜனுக்குத் தாவிவிடும், ஒளியை விட்டபின் திரும்பி வந்துவிடும். இதனால் வாங்கும் ஒளிக்கும் விடும் ஒளிக்கும் இடையே 150 நானோமீட்டருக்கும் அதிகமான இடைவெளி. உணரிக்கு இது பெரிய வரம். விளக்கின் ஒளி அளவீட்டுக்குள் கசியாது, விட்ட ஒளியைப் பக்கத்து மூலக்கூறு திரும்ப விழுங்காது.

சரி, உணரிக்கு வருவோம். திரள் ஒளிர்வின் பெரிய லாபம் இருட்டிலிருந்து தொடங்கலாம் என்பது. ஒளிர்ந்துகொண்டிருப்பது மங்குவதைப் பார்த்து "ஏதோ இருக்கிறது" என்று சொல்வதற்கும், இருட்டாக இருந்தது எரிவதைப் பார்த்துச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். மங்குவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. பிக்ரிக் அமிலம் என்ற வெடிபொருளைக் கண்டுபிடிக்கும் உணரிகள் என்று எழுதப்பட்ட கட்டுரைகள் எக்கச்சக்கம், பெரும்பாலும் எல்லாம் மங்கும் வகை. பிக்ரிக் அமிலமே மஞ்சள் நிறம், 350 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத் தானே விழுங்கும். நாம் சாயத்தைத் தூண்ட அனுப்புவதும் பல சமயம் அதே ஒளிதான். சாயத்துக்குப் போகவேண்டிய ஒளியை வழியிலேயே அமிலம் தின்றுவிட்டால் சாயம் மங்கத்தான் செய்யும், அதில் உணர்தல் எங்கே இருக்கிறது? இந்த வடிகட்டும் விளைவைக் கழிக்காமல் வரைபடம் போடும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

எரியும் வகையில் எனக்கு மிகப் பிடித்தது 2011-ல் டாங் குழுவினர் வெளியிட்ட குளுக்கோஸ் உணரி. டெட்ராஃபீனைல்எத்திலீனின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு போரோனிக் அமிலக் குழு. போரோனிக் அமிலம் சர்க்கரைகளில் அருகருகே உள்ள இரண்டு ஹைட்ராக்சில்களைப் பிடித்துக்கொள்ளும், இது பழைய செய்தி. பழைய சிக்கலும் ஒன்று இருந்தது, சாதாரண போரோனிக் அமிலம் குளுக்கோஸைவிட ஃபுரக்டோஸை இறுக்கமாகப் பிடிக்கும். சர்க்கரை நோய்க்காக அளக்க நினைத்தால் இது தலைவலி. இங்கே அவர்கள் பிடியின் வலிமையை நம்பவில்லை. குளுக்கோஸுக்குப் பிடிகொடுக்க இரண்டு இடம் உண்டு. ஆகவே உணரியின் ஒரு கை ஒரு குளுக்கோஸை, அந்தக் குளுக்கோஸின் மறுபக்கம் இன்னொரு உணரியை, அது அடுத்ததை என்று கும்மியில் கைகோத்ததுபோல ஒரு சங்கிலி உருவாகிறது. சங்கிலிக்குள் மாட்டிய காத்தாடிகள் சுற்ற முடியாமல் ஒளிர்கின்றன. ஃபுரக்டோஸ் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் ஒரு பக்கம்தான், சங்கிலி அங்கேயே முடிந்துவிடும், ஒளி வராது. பிடிப்பது யார் என்பதல்ல, கோப்பது யார் என்பதை ஒளி சொல்கிறது. இதை முதன்முறை படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது வேலை செய்தது காரம் மிகுந்த கரைசலில், ரத்தம் அப்படி இல்லை, ஆகவே நாளைக்கே மருந்துக்கடையில் கிடைக்கும் பொருள் இல்லை. ஆனாலும் யோசனையின் அழகு குறையவில்லை.

அதேபோல இன்னொன்று. அதே டெட்ராஃபீனைல்எத்திலீனோடு மாலிமைடு என்ற குழுவைக் கட்டினால் திடநிலையில்கூட ஒளிராது, அந்தக் குழுவே ஒளியை அணைத்துவிடும். சிஸ்டீன்போல கந்தக-ஹைட்ரஜன் முனை உள்ள ஒன்று வந்து சேர்ந்ததும் அணைப்பு போய் ஒளி வருகிறது. 2017-ல் மெல்போர்னில் டேனி ஹாட்டர்ஸ், யூனிங் ஹாங் குழுக்கள் இதைச் செல்களுக்குள் கொண்டுபோனார்கள். சரியாக மடிந்த புரதத்தில் சிஸ்டீன் பெரும்பாலும் உள்ளே புதைந்திருக்கும். மடிப்பு கலைந்தால் வெளியே வரும், சாயம் பிடித்துக்கொள்ளும், ஒளிரும். செல்லுக்குள் எவ்வளவு புரதம் மடிப்புக் கலைந்து கிடக்கிறது என்பதை ஒளியால் அளப்பது! நரம்புச் சிதைவு நோய்களைப் படிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். உயிரியலாளர்கள் இதைக் கேட்டு ரொம்ப வியக்கவும் மாட்டார்கள், 1950-களிலிருந்தே தையோஃபிளேவின் டி என்ற சாயம் அமிலாய்டு இழைகளில் ஒட்டினால் ஒளிர்வதை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதுவும் சுழற்சி நின்றால் ஒளிரும் கூட்டம்தான். ஜெல்லி மீனின் பச்சை ஒளிர்புரதத்துக்குள் இருக்கும் சாயமும் வெளியே எடுத்தால் ஒளிராது, புரதப் பீப்பாய்க்குள் அசையாமல் கிடக்கும்போதுதான் ஒளிரும்.

இப்போது என் கதை. நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பற்களில் பழுப்புக் கோடு இருக்கும். புகைப்படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பழக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு, அது ஒரு பழக்கம் என்றே வெளியூர் போய் மற்றவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காரணம் பாறைக்குள் ஊறிவரும் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டிப் பல்லாண்டு குடித்தால் பல்லோடு நிற்காது, எலும்புக்கும் போகும். ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவந்த திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் வீட்டில் இன்றும் போர்வெல்தான்.

ஆகவே புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டபோது நான் ஃபுளோரைடு என்றேன். கிராமத்தில் பயன்படுத்தும் சோதனைப் பெட்டிகளில் சிர்கோனியம்-சாயச் சேர்மத்தின் சிவப்பு மங்குவதைப் பார்த்து அளவு சொல்வார்கள், அது மங்கும் வகை. நாம் எரியும் வகை செய்வோம் என்பது ஆசை. திட்டமும் எளிது. அசீனின் இரண்டு ஹைட்ராக்சில்களையும் சிலிக்கான் உள்ள சிலைல் குழுவால் மூடிவிட வேண்டும். ஹைட்ரஜன் இல்லாததால் அந்தத் தாவல் நடக்காது, பச்சை ஒளி வராது. ஃபுளோரைடுக்குச் சிலிக்கான் என்றால் உயிர். வந்து சிலிக்கானைப் பிய்த்துக்கொண்டு போகும், ஹைட்ராக்சில் திரும்பும், அசீன் தண்ணீரில் திரண்டு எரியும். இந்த வழியை ஏற்கெனவே பலர் வேறு சாயங்களில் செய்திருக்கிறார்கள், நான் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

டெட்ராபியூட்டைல்அம்மோனியம் ஃபுளோரைடை டிஹெச்எஃப்-இல் சேர்த்து, பிறகு தண்ணீர் ஊற்றினேன், நிமிடங்களில் பச்சை. ஆய்வகமே கூடி நின்று பார்த்தது. மறுநாள் அதே செறிவில் சோடியம் ஃபுளோரைடைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம், இரவு முழுக்க, ஒன்றும் இல்லை. ஃபுளோரைடு அயனி மிகச் சிறியது, தண்ணீர் மூலக்கூறுகள் அதை இறுகச் சூழ்ந்துகொள்ளும். அதன் நீரேற்ற ஆற்றல் மோலுக்கு 500 கிலோஜூலை ஒட்டியது, குளோரைடைவிட ரொம்ப அதிகம். அந்தப் போர்வையை உதறிவிட்டுச் சிலிக்கானிடம் வர அதற்கு மனமில்லை. டிஹெச்எஃப்-இல் போர்வை இல்லாத ஃபுளோரைடு, கிணற்றில் போர்த்திய ஃபுளோரைடு. கட்டுரைகளை மறுபடி எடுத்துச் சோதனைப் பகுதியைப் படித்தேன். என் கைக்குக் கிடைத்தவற்றில் பலவும் அந்த அம்மோனியம் உப்பைத்தான் பயன்படுத்தியிருந்தன, முதல் பத்தியில் குடிநீர், உள்ளே டிஹெச்எஃப். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்றால் கிட்டத்தட்ட 80 மைக்ரோமோலார். அந்த எண்ணைத் தண்ணீரில் தொட முடிகிறதா என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் பிறகு.

அக்கா சொன்ன யோசனையில் சிடாப் என்ற சோப்பு மாதிரியான பொருளைச் சேர்த்தோம். அதன் நுண்கோளங்களின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டது, ஃபுளோரைடை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும், உள்ளே எண்ணெய்ப் பசையில் நம் மூலக்கூறு இருக்கும். இந்த முறை சோடியம் ஃபுளோரைடுக்கும் பச்சை வந்தது, மெதுவாக, ஆனால் வந்தது. அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து, தெரிந்த பையன் பஸ் ஏறும்போது ஒரு பாட்டில் போர்வெல் தண்ணீர் கொடுத்துவிடச் சொன்னேன். "ஏன்டா, அங்க தண்ணி இல்லையா?" என்றார்.

வீட்டுத் தண்ணீர் பளிச்சென்று எரிந்தது. சந்தோஷத்தில் அளவுகோட்டில் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்று வந்தது. என்ன மோசமாக இருந்தாலும் எங்கள் கிணறு அவ்வளவு இருக்காது என்று எனக்குத் தெரியும். ஃபுளோரைடு மின்முனையில் அளந்தபோது 2.3. அந்த மின்முனை 1966-ல் ஃபிராண்டும் ராஸும் செய்தது, லாந்தனம் ஃபுளோரைடு படிகம், அரை நூற்றாண்டுக்கு மேல் சொன்ன சொல் மாறாமல் வேலை செய்கிறது.

மிச்ச ஒளி எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது, என் புராஜெக்டில் உருப்படியான பகுதி அந்த மூன்று வாரம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஃபுளோரைடு கூடுதலாக உள்ள நிலத்தடி நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, காரத்தன்மையோடு இருக்கும். கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும், இல்லாததால்தான் கரைந்து நிற்கிறது. அதாவது இரண்டும் சேர்ந்தே வரும். ஃபீனால்மேல் உட்கார்ந்திருக்கும் சிலைல் குழு காரத்திலும் மெதுவாகக் கழன்றுவிடும், சிடாப் கோளங்கள் ஃபுளோரைடை இழுப்பதுபோலவே ஹைட்ராக்சைடையும் இழுக்கும். காய்ச்சி வடித்த நீரில் சோடியம் பைகார்பனேட்டை மட்டும் கரைத்து, ஒரு துளிகூட ஃபுளோரைடு இல்லாமல் வைத்தேன். இரவு விட்டுக் காலையில் பார்த்தால் அதுவும் பச்சை. என் உணரி ஃபுளோரைடையும் காரத்தையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தது. ஊரில் அவை இரண்டும் ஒன்றாகவே வருவதால், ஊர்த் தண்ணீரை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் அழகான நேர்கோடு கிடைத்திருக்கும், கட்டுரையும் வந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லிடுகிறது.

திரள் ஒளிர்வில் இந்த ஆபத்து மற்ற சாயங்களைவிட அதிகம். இங்கே ஒளிர்வுக்குக் காரணம் திரள்வது, திரள்வதற்கோ ஆயிரம் தூண்டுதல். உப்பு கூடினால் திரளும், அமிலகாரநிலை மாறினால் திரளும், கொஞ்சம் புரதம் இருந்தால் அதன் இடுக்கில் ஒட்டிக்கொண்டு எரியும், கரைப்பான் விகிதம் ஓரிரு விழுக்காடு தவறினாலே ஒளி மாறும். அதே குப்பியை ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் துகள்கள் வளர்ந்து படிந்து வேறு எண் காட்டும். அதனால் இந்தத் துறைக் கட்டுரை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது கண்டறியும் வரம்பை அல்ல. அவர்கள் கொடுத்த தண்ணீர் எது, அதில் வேறு என்ன இருந்தது, அந்த "வேறு" மட்டும் இருக்கும் வெற்றுச் சோதனை செய்தார்களா, துகளின் அளவை அளந்தார்களா, இவைதான். மூன்று சிக்மாவைச் சாய்வால் வகுத்து (கண்டறியும் வரம்பைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம்) நானோமோலார் என்று எழுதுவது யாராலும் முடியும்.

நல்ல உணரிகளில் திரள்வதற்கான காரணத்தையே தேர்ந்தெடுத்துக் கட்டியிருப்பார்கள், குளுக்கோஸ் சங்கிலி மாதிரி. அல்லது திரளும் சூழலே கேள்வியாக இருக்கும், அமிலாய்டு மாதிரி. இதே அசீனின் கரங்களில் கால்சியத்தைப் பிடிக்கும் குழுக்களைக் கட்டி, மில்லிமோலார் அளவுக் கால்சியத்துக்கு மட்டும் எரியும்படி செய்திருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் இருப்பதே அந்த அளவில்தான், ஆகவே மிக நுட்பமான உணரி அங்கே வேண்டாம், உடனே நிரம்பிவிடும். தேவைக்குத் தகுந்த மந்தம். அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கெட்டுப்போகும் மீனிலிருந்து வரும் அமீன் ஆவிக்கு எரியும் தாள்களும் செய்கிறார்கள். அங்கே கரைப்பான் தொல்லையே இல்லை, தாளில் திடமாக இருக்கும் சாயத்தை ஆவி வந்து மாற்றுகிறது. முதலில் கடைக்கு வரப்போவது இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாலையில் ஆய்வகத்தைத் திறந்து வைத்தால் இரண்டு மாணவிகள் வருவார்கள், மூவரும் ஃபுளோரைடைத்தான் மறுபடி தொட்டிருக்கிறோம். சிலிக்கானை விட்டுவிட்டோம். நல்கொண்டா முறையில் படிகாரம் போட்டு ஃபுளோரைடை நீக்குவார்கள், அலுமினியத்துக்கு ஃபுளோரைடுமேல் அவ்வளவு பிடிப்பு, தண்ணீரிலேயே, போர்வையோடே. ஆகவே கார்பாக்சிலேட் முனைகள் உள்ள டெட்ராஃபீனைல்எத்திலீனை அலுமினியத்தால் கோத்துத் திரட்டி எரியவிட்டு, ஃபுளோரைடு வந்து அலுமினியத்தைப் பறித்துக்கொண்டு போகும்போது திரள் கலைவதை அளக்கிறோம். மங்கும் வகைதான். முன்பு அவ்வளவு திட்டியதையே செய்கிறேன் என்று தோன்றலாம். ஆனால் கரைசலை லேசான அமிலத்தில், ஐந்தை ஒட்டிய பிஹெச்சில் வைக்கலாம், அங்கே பைகார்பனேட் கரியமில வாயுவாகப் போய்விடும், பழைய எதிரி களத்திலேயே இல்லை. பாஸ்பேட் புது எதிரி, அதுவும் அலுமினியத்தைப் பிடிக்கும். வயல் ஓரக் கிணறுகளில் அது இருக்கலாம். அதற்கான வெற்றுச் சோதனைகளைத்தான் இந்த வாரம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், பன்னிரண்டு குப்பிகள், ஆறு பாஸ்பேட்டோடு, ஆறு இல்லாமல்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எட்டு பாலித்தீன் பாட்டில் எடுத்துப் போக வேண்டும், ஃபுளோரைடு மாதிரியைக் கண்ணாடியில் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டு போர்வெல், கோயில் கிணறு, பள்ளிக்கூடத்துக் கைப்பம்பு, ஏரிக்கரையில் பெரியப்பா தோட்டத்துக் கிணறு, ஒவ்வொன்றிலும் இரண்டு. மின்முனையில் ஒன்று, நம் குப்பியில் ஒன்று.